ஆறாவது கட்டம்

ஞானஸ்நான ஏட்டில் ஏழு கட்டங்கள்.
ஆறாவது, சொந்த ஊர்.
பதினோரு வருஷமாக நான்தான் நிரப்புகிறேன்.

பிஜிலி சொன்னாள்: எழுதிக்கோ சாமி,
தடா ஸ்டேஷன், ரெண்டாம் பிளாட்பாரம்,
தண்ணிக் குழாய் பக்கம்.
அவள் புருஷன் சேட்டு சிரிக்கவில்லை.
பாதர் இன்னையா 'பர்வாலேது' என்றார்.
அதை எந்தக் கட்டத்தில் போட?

ஆரம்பாக்கம் செக்போஸ்ட் தாண்டி
எல்லைக் கல்லுக்கு நானூறு அடி வடக்கே எங்கள் கோயில்.
கும்மிடிப்பூண்டித் தாசில்தார்
இவர்களை ஆந்திராவுக்குப் போகச் சொல்கிறார்.
இங்கே எம்.ஆர்.ஓ. ஆபீசில்
மீரு அரவவாள்ளு என்று கதவைச் சாத்துகிறார்கள்.
அரவம் என்றால் அவர்களுக்குத் தமிழ்,
நமக்குப் பாம்பு.
அங்கே குருவிக்காரர், இங்கே நக்கலவாள்ளு.
வீட்டுக்குள் பேசுவது இரண்டுமில்லாத ஒரு பாஷை.

முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தார்கள்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.
அதற்கு முந்தின பெஞ்சு காலியானது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெயசீலியின் அம்மாவுக்கு அங்கே காற்று வரவில்லையாம்.
செருப்பைப் பார்க்கப் போன சூசைமாணிக்கம் திரும்பவில்லை.
நானும், சொல்லிவிடுகிறேன்,
உடுப்பு அறையில் எனக்கு ஏதோ வேலை இருப்பதாக
எழுந்து போனேன்.

இதே கோயிலில் நடுவே ஒரு சுவர் இருந்தது.
அதற்கு அந்தப் புறம் நின்றவர்கள் எங்கள் ஆட்கள்.
கடப்பாரையால் இடித்தோம் என்று
திருவிழாவுக்குத் திருவிழா மைக்கில் சொல்கிறோம்.
இடித்த கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று
யாரும் கேட்டதில்லை.

பையனுக்குச் சீட்டு வேணும், அதுக்குத்தான் வந்தோம்
என்றாள் பிஜிலி, பாதர் முகத்துக்கு நேரே.
பிறந்த தேதிக்கு ஏதாவது ஒரு காகிதம் இருந்தால்
ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று
சிஸ்டர் சொல்லியிருந்தார்.
பாதர் கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு, சனிக்கிழமை வாங்க, என்றார்.

சனிக்கிழமை மழை.
சேட்டுவின் தோளில் ஒரு மூட்டை.
பாசிமணி என்று நினைத்தேன். சாமி மூட்டை.
அது உள்ளே வரக் கூடாது என்றார்
கமிட்டி செயலர் விக்டர்ராஜ்.
ஈர மண்ணில் இறக்கக் கூடாது என்றான் சேட்டு.
இரண்டு கூடாதுகளுக்கும் நடுவில்
வாசற்படி நனைந்துகொண்டிருந்தது.

சாவி என் இடுப்பில்.
பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன்.
அலமாரியின் கீழ்த்தட்டில்
அந்துருண்டைக்கு நடுவே தவக்காலத்து ஊதா அங்கிகள்;
ஓரமாகத் தள்ளினேன்.
மூட்டையை நான் தொடவில்லை.
அவனே வைத்தான், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல.
நான் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

பாதர் அங்கி எடுக்க வந்தார்.
கீழே பார்த்தார்.
வெள்ளை அங்கி மேல்தட்டில் இருந்தது.
எடுத்துக்கொண்டு போனார்.

லாரன்சு என்று தண்ணீர் ஊற்றினார்.
பையனுக்கு ஆறு வயது, மூக்கில் ஏறித் தும்மினான்.
வீட்டில் கூப்பிடும் பெயரையும் எழுத ஆசைப்பட்டேன்.
அதில் ஓர் ஒலி,
தமிழ் எழுத்தில் வழுக்குகிறது,
தெலுங்கு எழுத்தில் தடிக்கிறது.
மூன்று முறை கேட்டேன்.
நான்காம் முறை பையனே பேனாவைப் பிடித்து
இல்லை, இல்லை, என்றான்.

அடுத்த ஞாயிறு அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
பெரிய காரியமில்லை, பெஞ்சுதானே.
என் மனைவி இன்னும் நடு வரிசையில்தான் இருக்கிறாள்;
சமாதானம் சொல்லும் நேரத்தில்
என் பின்னால் நீண்ட கை யாருடையது என்று
சாப்பிடும்போது கேட்டாள்.

செப்டம்பரில் மேற்றிராசன ஆபீசிலிருந்து
ஏடு பார்க்க வருவார்கள்.
ஆறாவது கட்டத்தில் மையால்தான் எழுதியிருக்கிறேன்:
தடா, இரண்டாம் பிளாட்பாரம்.
அப்படி ஓர் ஊரா என்று கேட்டால் சொல்வேன்.
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் ஐயா.
குழாய் ஒழுகுகிறது.
சுவரில் மூன்று செங்கல் கரியாகியிருக்கிறது,
அடுப்பு இருந்த இடம்.